மாயழகு இறங்கும் வரை

கேள்வி கேட்பதில் அருளானந்தத்தை அடித்துக்கொள்ள அந்த ஊரில் ஆள் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து, வந்தவனையெல்லாம் குடைந்து குடைந்து கேட்ட மனுஷன். ரிட்டயர் ஆனால் மட்டும் அந்தப் பழக்கம் விட்டுவிடுமா?

சின்னமனூருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு வெள்ளை வேன் வாங்கி விட்டிருந்தார்கள். கிட்னி கெட்டுப்போனவர்களை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போய், திரும்ப வீட்டில் கொண்டுவந்து விடுவதற்கு. ஓட்டுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. மனசு இருந்து வருகிறவர்கள் ஓட்டலாம்.

வருகிறவர்களைப் பழக்கிவிடுவது ஜெயக்கொடியின் பொறுப்பு. வயது நாற்பத்திரண்டு. கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறார். அருளானந்தத்துக்கு மகள் வயதுதான். இருந்தாலும் குரு குருதானே!

அந்த வேனுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர் நாற்பது நாள் பக்கத்து சீட்டில்தான் உட்கார வேண்டும். அதற்கு முன்னால் சாவியைக் கண்ணில் காட்ட மாட்டார் ஜெயக்கொடி.

நாற்பது நாளும் அருளானந்தம் வாய் ஓயவில்லை.

"சேவைன்னா என்னம்மா?"

"டயர்ல காத்து இருக்கான்னு பாருங்க சார்."

"அதில்லம்மா. இத்தனை வருஷமா ஓட்டுறியே, உன் மனசுல என்ன தோணுது?"

"டீசல் போடணும்னு தோணுது."

இப்படியே நாற்பது நாளும் போய், அவர் கைக்குச் சாவி வந்தது. பதினைந்து நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டினார். பதினாறாவது நாள் வந்தது வினை.

மாயழகு என்று ஒருவர். வாழை மண்டியில் லோடு ஏற்றிய உடம்பு. இரண்டு வாழைத்தாரை ஒரே தோளில் தூக்கிக்கொண்டு லாரிப் பலகையில் ஏறியவர், இன்றைக்கு வேன் படியில் இறங்க இரண்டு நிமிஷம் ஆகிறது. முதலில் கதவோரத்துக் கம்பியைப் பிடிப்பார். ஒரு காலைத் தொங்கவிடுவார். மூச்சு வாங்குவார். அப்புறம் அடுத்த கால். யாராவது உதவிக்கு வந்தால் முறைப்பார்.

அவருடைய இடது முன்கையில் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். டயாலிசிஸ் ஊசி போடுவது அந்த இடத்தில்தான். விரல் வைத்தால் உள்ளே விறுவிறுவென்று அதிரும். மாயழகு அதை 'மோட்டார்' என்பார். காலையில் எழுந்ததும் மோட்டார் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவார். வலது கையில் முன்பு போட்டது ஒரே வருஷத்தில் அடைத்துப்போனது. இதுவும் போனால் கழுத்தில்தான் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது. வாட்ச் கட்டக் கூடாது. பிடிக்கவோ இழுக்கவோ கூடவே கூடாது. பக்கத்து சீட்டில் முதல் நாள் பாடமே இதுதான். அருளானந்தம் நோட்டில் எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

அன்றைக்குப் புதன்கிழமை. ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றது. மாயழகு ஒரு காலைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஓர் ஆட்டோக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். அருளானந்தத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டென்று போய், கைக்கு எது அகப்பட்டதோ அதைப் பிடித்து மாயழகைக் கீழே இழுத்துவிட்டார்.

அகப்பட்டது இடது கை.

"ஐயோ! விடுய்யா!"

விட்டார். ஆனால் பிடித்தது பிடித்ததுதானே. மாயழகு வலது கை விரல்களைத் தையல் போட்ட இடத்தில் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மோட்டார் ஓடலையே சார்" என்றார்.

அருளானந்தம் உள்ளே பார்த்து ஆளைக் கூப்பிட்டுக் கத்தினார்.

மாயழகை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. அருளானந்தம் ஜெயக்கொடிக்குப் போன் போட்டார். பாதி தைத்த ரவிக்கையை மிஷினிலேயே விட்டுவிட்டு ஜெயக்கொடி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது, பேயறைந்த மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் மனுஷன்.

ஜெயக்கொடி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விழுந்தாரா சார்?"

"இல்ல."

"கை குடுங்கன்னு கேட்டாரா?"

"இல்ல."

"பின்ன?"

"விழுந்துடுவாரோன்னு பயந்துட்டேன்." பிறகு தானே சொன்னார்: "அதுவும் பொய்ம்மா. அவரு விழுந்துடுவாருன்னு நான் பிடிக்கல. ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சான். அத்தனை பேரு பார்க்க நான் சும்மா நிக்கிறேனேன்னு இருந்துச்சு."

"ம்" என்றார் ஜெயக்கொடி. திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வாசலில் டீக்காரர் கொடுத்த கிளாஸை வாங்கி அவர் கையில் வைத்தார். குடிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார் அருளானந்தம். உள்ளே ஒரு மனுஷனின் கழுத்துக்குக் குழாய் வருமா வராதா என்று தீர்மானம் ஆகிக்கொண்டிருக்கும்போது டீ எப்படி இறங்கும்?

அரைமணி நேரம் ஆகியிருக்கும். கதவு திறந்தது. ஒரு சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"மாயழகு கூட வந்தது யாரு?"

அருளானந்தம் எழுந்த வேகத்தில் அரை கிளாஸ் டீ பேண்டில் போனது.

"ரத்தம் நல்லா ஓடுது சார். ஸ்டெத் வெச்சுக் கேட்டேன், டாக்டரும் பார்த்துட்டாரு. பிடிச்ச இடத்துல கன்னிப்போயிருக்கு. கொஞ்சம் மேல தள்ளி ஊசி போட்டாச்சு. பயத்துல அவரு விரலுக்குத் தெரியல, அவ்வளவுதான். மெஷின் ஓடிட்டிருக்கு."

"வயித்துல பாலை வார்த்தியேம்மா!" என்றார் அருளானந்தம். அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் ஓவென்று அழுதார். அழுது முடித்ததும் மிச்சமிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார். ஆறிப்போன டீ, ஆனாலும் தேனாக இருந்தது.

பிறகு பாக்கெட்டிலிருந்து வேன் சாவியை எடுத்து நீட்டினார்.

"எனக்கு இது சரிப்படாதும்மா."

ஜெயக்கொடி சாவியை வாங்கவில்லை.

"நாலு மணி நேரத்துல அவரு வெளிய வருவாரு. யாராவது வீட்டுல கொண்டுபோய் விடணும். வாங்க சார், இட்லி சாப்பிட்டு வருவோம்."

மத்தியானம் மாயழகு வெளியே வந்தார். கையில் கட்டு. முகத்தில் அசதி. அருளானந்தத்தைப் பார்த்தார். பின் சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்கூட்டரை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, ஜெயக்கொடி பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் அருளானந்தம்தான் ஓட்டினார்.

பாதி வழியில் வாய் திறந்தார்.

"ஏம்மா, ஒருத்தர் கண்ணு முன்னாடி தள்ளாடுறாரு. கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கணுமா?"

ஜெயக்கொடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மாயழகின் வீட்டு முன்னால் வேன் நின்றது. வீட்டில் ஆளில்லை, அவர் மனைவி திராட்சைத் தோட்டத்துக்குக் களை எடுக்கப் போயிருந்தார். டயாலிசிஸ் முடிந்து வருகிற நேரம்தான் உடம்பு ரொம்பத் தளர்ந்திருக்கும். இறங்குவதுதான் பெரிய வேலை.

"போய் நில்லுங்க சார்" என்றார் ஜெயக்கொடி.

"நானா?"

"நீங்கதான். அவரு வலது பக்கமா நில்லுங்க. முழங்கையை மடக்கி, இடுப்பு உயரத்துக்கு நீட்டிக்குங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அப்புறம் என்ன செய்யணும்?"

"அப்புறம் அவரு வேலை சார்."

அருளானந்தம் போய் நின்றார். கையை மடக்கி நீட்டினார். மாயழகு கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தார். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கம்பியைப் பிடித்தார். ஒரு காலைத் தொங்கவிட்டார். மூச்சு வாங்கினார்.

தெரு குறுகல். பின்னால் பால் வண்டி ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. அருளானந்தத்தின் விரல்கள் துடித்தன. பின்பக்கம் நின்ற ஜெயக்கொடி லேசாகக் கனைத்தார். விரல்கள் அடங்கின.

இன்னொரு ஹாரன். மாயழகின் தொங்குகிற கால் தரையைத் தேடியது, எட்டவில்லை. அருளானந்தத்துக்கு நெற்றியில் வேர்த்துக் கண்ணில் இறங்கியது. துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு கஷ்டமான வேலையை அவர் பார்த்ததில்லை.

மாயழகு கம்பியை விட்டார். வலது கையை அருளானந்தத்தின் முன்கைமேல் வைத்தார். முதலில் விரல் நுனி, அப்புறம் உள்ளங்கை, அப்புறம் உடம்பின் பாரம் முழுதும். அருளானந்தம் அசையவில்லை. ஒரு கால் தரையில் பட்டது. அடுத்த காலும் பட்டது.

மாயழகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சார், கல்லுத்தூண் மாதிரி நிக்கிறீங்க? மூச்சாவது விடுங்க."

அப்போதுதான் தான் மூச்சு விடவில்லை என்பதே அருளானந்தத்துக்குத் தெரிந்தது. விட்டார். மாயழகுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால் வண்டிக்காரனும் சிரித்தான்.

மாயழகு இரண்டடி நடந்து திரும்பினார்.

"காலையில மனுஷனைப் பதற வெச்சுட்டீங்க. போகட்டும். மோட்டார் ஓடுது." கட்டின் ஓரமாக விரல் வைத்துக் காட்டினார். "வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வந்துருங்க. லேட்டாக்கிராதீங்க."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். அருளானந்தம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப் போய்விட்டது. சந்தோஷத்தில் பால் வண்டிக்காரனுக்குக் கையை ஆட்டினார். அவனும் பதிலுக்கு ஆட்டினான்.

வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். சாவியைத் திருகப் போனவர் நிறுத்தினார். கேள்வி வந்துவிட்டது. வராமல் இருக்குமா?

"ஜெயக்கொடிம்மா."

"சொல்லுங்க சார்."

"கடைசியில அவரு பிடிச்சாரு, சரி. ஒருவேளை என் கையைத் தொடாமலே இறங்கிப் போயிருந்தா? அங்க நான் நின்னது வீண்தானே?"

ஜெயக்கொடி முதல் தடவையாக அவர் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"நீங்க அங்க நின்னதாலதான் சார், தொடாமலே இறங்கியிருப்பாரு."