உலகம்மை தலையைக் காட்டின அருவி

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. ஊரு தென்காசி. அக்கா பேரு உலகம்மை, தங்கச்சி பேரு கோமதி. கோமதி டெலிபோன் ஆபீஸ்ல வேலை பார்த்தவ, அதனால நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவா. உலகம்மை குத்தாலத்துல அருவிக்குப் போற வழியில இட்லிக்கடை போட்டிருந்தா. நீ ம் கொட்டணும், இல்லேன்னா கதை நடுரோட்டுல நின்னுபோகும்.

"ம்."

ஆங். சாரல் விழுந்துட்டா ஊர் உலகமே அருவியில போய் நிக்கும். குளிச்சிட்டு வெடவெடன்னு நடுங்கிக்கிட்டே வந்து, "எக்கா, சூடா நாலு இட்லி"ன்னு கேக்கும். உலகம்மை மாவை ஊத்துவா, அவிப்பா, எடுப்பா, மறுபடி ஊத்துவா. அருவி தடதடதடன்னு காதுக்குள்ளயே விழுந்துக்கிட்டு இருக்கும். ஆனா கடை போட்ட நாள்ல இருந்து ஒரு சீசன்லகூட அவளால அதுல போய்த் தலையைக் காட்ட முடியல. கூட்டம் ஓய்ஞ்சு கடையை மூடிட்டு ஓடிப்போய்ப் பார்த்தா, பாறை காய்ஞ்சு கெடக்கும்.

அப்புறம் ஒருநாள் அவ மக, "அடுப்புல வெந்தது போதும்மா, சித்தியைக் கூட்டிக்கிட்டுக் கப்பல்ல போயிட்டு வா"ன்னு டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டா. கப்பல்னா சாதாரணக் கப்பல் இல்ல, ஒரு தெருவையே மாடி மாடியா அடுக்கி வச்ச மாதிரி. அது வடக்க போச்சு, இன்னும் வடக்க போச்சு, பூமியோட உச்சந்தலைக்குப் பக்கத்துலயே போயிட்டுது. நார்வேன்னு ஒரு தேசம். கோடையில அங்க சூரியன் தூங்கவே தூங்காது. உன்னை மாதிரிதான்.

கடைசியா ஒரு குட்டி ஊர்ல கப்பல் நின்னுச்சு. ரெண்டு பக்கமும் மலை, நடுவுல கடல். அன்னைக்கின்னு பார்த்து மழை. நசநசன்னு விடாத மழை. "சாயங்காலம் கப்பல் மூணு தடவை ஊதும், மூணாவது ஊதலுக்குப் பிறகு யாருக்காகவும் நிக்காது"ன்னு மைக்ல சொன்னாங்க. அந்த மழையில யாரு இறங்குவா? எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஜன்னல் ஓரமா உக்காந்துட்டாங்க.

உலகம்மை மட்டும் கதவைத் திறந்து கையை நீட்டினா. பொடிப்பொடியாத் தூறல், கூடவே மலைக்காத்து.

"ஏட்டி கோமதி, இது மழை இல்லட்டி. சாரல்."

"எக்கா, இது நார்வே."

"இருந்துட்டுப் போகட்டும். சாரல் விழுந்தா அருவி விழும். நாளையில இருந்து வீடு போய்ச் சேருற வரைக்கும் வெறும் கடலுதான். இன்னைக்கு விட்டா எனக்கு எப்பம்ட்டி?"

அப்போ கோமதி பார்த்தா, அக்கா ஏற்கெனவே நைட்டியைப் போட்டு, மேல மழைக்கோட்டை மாட்டி, பையில துண்டு, சீயக்காய்ப் பொடி, நல்லெண்ணெய் பாட்டில் எல்லாம் எடுத்து வச்சிருக்கா. கோமதியும் ஒரு கோட்டை மாட்டிக்கிட்டா. பின்னாலயே போனா.

முதல்ல ஒரு அருவி. யம்மாடி, எம்புட்டுப் பெரிசு. தடார் தடார்னு விழுது. ஆனா சுத்தி இரும்புக் கம்பி, முன்னால மஞ்சள் கோட்டு போட்ட காவக்காரன். உலகம்மை துண்டைக் காட்டினா, அருவியைக் காட்டினா. அவன் அருவியைப் பார்த்தான், நைட்டியைப் பார்த்தான், கடகடன்னு ஏதோ சொன்னான்.

"என்னட்டி சொல்லுதான்?"

"உனக்கு மறை கழண்டுபோச்சாங்கான்."

"அது கெடக்கட்டும். விடுவானா, மாட்டானா?"

"மாட்டான்."

அப்புறம் மேட்டுல ஏறி ஏறிப் போனாங்க, ரெண்டாவது ஒரு அருவி. வானத்துல இருந்து விழுற மாதிரி அவ்வளவு உசரம். ஆனா பாதியிலயே காத்து ஊஊஊன்னு அதைக் கலைச்சுப்போடுது. கீழ வந்து சேர்றப்போ வெறும் புகை. உலகம்மை அண்ணாந்து பார்த்துட்டு, "இது ஆவி புடிக்கத்தான் ஆகும்"னுட்டு நடந்தா.

அப்போ கீழ இருந்து கப்பல். பூஊஊம். ஒண்ணு.

"எக்கா, திரும்பிருவோம். கப்பல் போச்சுன்னா இங்கனயே இட்லிக்கடை போட வேண்டியதுதான்."

"இன்னும் ரெண்டு ஊதணும்லா. வா."

ம்?

"ம்."

மூணாவது அருவி ஒரு ஆட்டுப்பட்டிக்குப் பின்னால இருந்துச்சு. ரெண்டாள் உசரம்தான். ஆனா விழுற விழுகையைப் பார்க்கணுமே, பெரியவங்க முதுகுல தட்டிக் குடுக்குற மாதிரி தொம்தொம்தொம்னு. உலகம்மைக்குக் காலு தரையில நிக்கல. அப்போ ஆடுகளை எல்லாம் விலக்கிக்கிட்டு, சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பொம்பள வந்து குறுக்க நின்னா. அவ பேரு ராக்னா. அந்தப் பட்டிக்காரி. அவ சொல்லச் சொல்ல, கோமதி தமிழ்ல சொன்னா.

"இது மேல பனி உருகி வர்ற தண்ணியாம். ஆடு குடிக்குமாம், மனுசங்க உள்ள நிக்க மாட்டாங்களாம்."

"அவ நின்னிருக்காளான்னு கேளு."

ராக்னா சிரிச்சுக்கிட்டே சொன்னதைக் கோமதி சொன்னா. "பொறந்ததுல இருந்து இங்கதான் இருக்காளாம். ஒரு நாளும் நின்னதில்லையாம். ஆடு இருக்கு, குட்டி இருக்கு, புல்லு அறுக்கணும், நேரம் எங்க இருக்குங்கா."

உலகம்மை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பாட்டிலைத் திறந்து உச்சந்தலையில எண்ணெயை வச்சுச் சளக் சளக்னு தேய்க்க ஆரம்பிச்சுட்டா.

பூஊஊம். ரெண்டு.

"எக்கா, ரெண்டு ஊதியாச்சு. என் பேச்சைக் கேளு."

"எண்ணெய் தேய்ச்ச தலையோட குளிக்காமத் திரும்புனா ஊர்ல சிரிப்பாங்கட்டி."

ராக்னா என்ன செஞ்சா தெரியுமா? விறுவிறுன்னு பட்டிக்குள்ள போனா. ஆட்டுக்கயிறு ஒண்ணை எடுத்துட்டு வந்து உலகம்மை இடுப்புல சுத்தி முடிச்சுப் போட்டா. மறுமுனையைத் தன் கையில சுத்திக்கிட்டா. 'ம், போ'ன்னு தலையை ஆட்டினா.

உலகம்மை காலை வச்சா. சுரீர். முட்டி வரைக்கும் போனா. சுரீர் சுரீர். கண்ணை மூடிக்கிட்டுத் தலையைக் குடுத்தா பாரு, தொம்தொம்தொம்னு இறங்குச்சு. உள்ள போன மூச்சு வெளிய வரல. பல்லு கடகட. உடம்பு வெடவெட. கரையில கோமதி, "எக்கா, எக்கா, இருக்கியா?"ன்னு கத்துதா. தண்ணிக்குள்ள இருந்து ஒரு சத்தமும் இல்ல.

அப்புறம் ஒரு சிரிப்பு. கெக்கெக்கேன்னு சின்னப்பிள்ளை சிரிப்பு. "குத்தாலம் என்னட்டி குத்தாலம்"னு ஒரு குரல். "இன்னும் கொஞ்சம்ட்டி. ஒரே ஒரு கொஞ்சம்."

ராக்னா விடல. ஆட்டை இழுக்குற மாதிரி வெடுக்குனு இழுத்துப்போட்டா. கம்பளியில சுருட்டினா. அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் டிராக்டர்ல தூக்கி வச்சு விட்டா பாரு, டபடபடபடபன்னு. மழை முகத்துல அடிக்குது, சேறு தெறிக்குது, கோமதி தெரிஞ்ச சாமியை எல்லாம் கூப்பிடுதா. கப்பல் ஏணியைத் தூக்கக் கையை வச்சுட்டான் ஒருத்தன். ராக்னா பாம் பாம்னு ஹாரன் அடிச்சா. அவன் திகைச்சுப் போய் நிக்க, பின்னாலயே, பூஊஊஊம். மூணு. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் உள்ள.

ஆனா ஏறுறதுக்கு முன்னால உலகம்மை என்ன செஞ்சா, எண்ணெய் பாட்டிலை ராக்னா கையில திணிச்சா. அவ உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினா. மலையைக் காட்டினா. அவ்வளவுதான்.

ம்?

"...ம்."

கப்பல் மெதுவாத் திரும்பிச்சு. அந்தக் கடல் வளைஞ்சு வளைஞ்சு போகும், அவசரப்படவே முடியாது. உலகம்மை கம்பளியைப் போத்திக்கிட்டு மேல்தளத்துல நின்னா. தூரத்துல டிராக்டர் மலை ஏறுறது எறும்பு மாதிரி தெரியுது. ஏறுச்சு, ஏறுச்சு, பட்டி வந்தும் நிக்கல. நேரா அருவிகிட்டப் போய் நின்னுச்சு. சிவப்புக் கோட்டு கழண்டுச்சு. கயித்தோட ஒரு முனை டிராக்டர்ல, ஒரு முனை இடுப்புல. வெள்ளைத் தண்ணிக்குள்ள ஒரு குட்டி உருவம் உள்ள போச்சு, துள்ளி வெளிய வந்துச்சு, மறுபடி உள்ள போச்சு.

உலகம்மை கம்பியைப் புடிச்சுக்கிட்டு எக்கி நின்னு, மலை எதிரொலிக்கக் கத்தினா.

"ஒதுங்காதட்டி, தலையை நல்லாக் காட்டு."

கப்பலும் வளைவுல மறைஞ்சுது, கதையும் அதுல ஏறிப் போயிட்டுது. நீயும் கண்ணை மூடு, தூங்கு.