டீச்சர் குனிந்த இடத்தில் ஓணான்

எலுமிச்சைச் செடியில் ஒரு புழு இருந்தது. நல்ல பச்சைப் புழு, கொழுகொழுவென்று இருக்கும். தின்பதைத் தவிர அதற்கு வேறு வேலையே கிடையாது. அதே தோட்டத்து வேலியில் ஓர் ஓணான் இருந்தான். அவனுக்கும் தின்பதுதான் வேலை. ஆனால் இரையைத் தேடத்தான் சோம்பல்!

தோட்டம் ஜெசிந்தா டீச்சருடையது. வெயில் ஏறுமுன் கேமராவோடு வந்துவிடுவார். பூச்சிகளைப் படம் எடுப்பதில் அவருக்கு அப்படி ஒரு பித்து. ஸ்டாண்டு கீண்டு எதுவும் கிடையாது, கையில் பிடித்தே எடுப்பார். பால் கவரை வெட்டி ஃபிளாஷுக்கு முன்னால் ஒட்டியிருப்பார். வெளிச்சம் பூச்சியின் கண்ணைக் குத்தக் கூடாதாம்! பூச்சியின் முன் குனிந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஓர் அரிசி அளவு முன்னால் சாய்வார், ஓர் அரிசி அளவு பின்னால் சாய்வார். பூச்சியின் கண் தெளிவாகத் தெரிந்த நொடியில், பளிச்! பிறகு இலைகூட அசையாமல் எழுந்து போய்விடுவார். இன்றுவரை ஒரு பூச்சியையும் அவர் விரலால் தொட்டதில்லை.

ஆனாலும் கொஞ்ச நாளாகத் தோட்டத்தில் அவரைப் பற்றி ஒரு பொல்லாத பேச்சு. திங்கட்கிழமை வெட்டுக்கிளியைப் படம் எடுத்தார், அன்றோடு வெட்டுக்கிளியைக் காணோம். புதன்கிழமை பொன்வண்டை எடுத்தார், பொன்வண்டையும் காணோம்.

"படம் எடுத்தா ஆயுசு குறையும்னு சும்மாவா சொன்னாங்க!" என்று எறும்புகள் போகும்போதும் சொல்லின, வரும்போதும் சொல்லின. எறும்புக்கு வாய் சும்மா இருக்குமா?

வெள்ளிக்கிழமை நம் புழு தின்பதை நிறுத்தியது. அது கூட்டுப்புழுவாக மாறும் நேரம் வந்துவிட்டது. நூல் விட்டுத் தன்னைத்தானே ஒரு குச்சியோடு கட்டிக்கொண்டது. இனி அதனால் ஓர் அடிகூட நகர முடியாது. சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த டீச்சர் அதைப் பார்த்துவிட்டார்.

"அடி என் தங்கமே, கட்டிக்கிட்டியா! நாளைக்குக் காலையில உன்னைத்தான் எடுக்கப்போறேன்!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புழுவுக்கு உயிரே போய்விட்டது. குச்சியில் தொங்கியபடி விசும்ப ஆரம்பித்தது. பக்கத்து இலையில் இருந்த துள்ளுச் சிலந்தி எட்டிப் பார்த்தது.

"எதுக்குடா இந்த அழுகை?"

"நாளைக்கு என்னைப் படம் எடுக்கப்போறாங்க அண்ணே! நான் செத்தேன்!"

"படம் எடுத்தா யாருடா சாவாங்க? என்னை வாரத்துக்கு மூணு தடவை எடுக்கிறாங்க. குத்துக்கல்லாட்டம் இருக்கேனே!"

"அப்ப வெட்டுக்கிளி எங்க போனான்? பொன்வண்டு எங்க போனான்?"

"நீங்கல்லாம் அந்தப் பளிச்சையே பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க. எனக்கு எட்டுக் கண்ணு. பின்னாலயும் தெரியும்! டீச்சர் எழுந்து போனதும் வேலியிலிருந்து ஒருத்தன் அந்த இடத்துல பாய்வான். நான் துள்ளிடுவேன், அதனால தப்பிச்சேன்."

"யாரு அண்ணே அவன்?"

"வேற யாரு? ஓணான்தான்!"

புழு கட்டுக்குள்ளேயே நெளிந்தது. "அப்ப என் கட்டை அறுத்து விடுங்க அண்ணே! ஓடிடுறேன்!"

"அறுத்தா கீழ விழுவே. எறும்பு இழுத்துட்டுப் போயிடும். பேசாம இரு. காலையில டீச்சரை நான் வேற பக்கம் கூட்டிட்டுப் போறேன்."

"எனக்காகவா அண்ணே?"

"ஆசையைப் பாரு! இன்னைக்கு நீ, நாளைக்கு நான். அதுக்குத்தான்!" என்றது சிலந்தி. வாய்தான் அப்படி, மனசு நல்ல மனசு.

மறுநாள் காலை. வேலியில் ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியபடி காத்திருந்தான். அந்த வழியாக வந்த அணில் கேட்டது. "ஏம்பா, முன்னெல்லாம் இலை இலையாப் பார்ப்பியே. இப்ப சும்மா உட்கார்ந்திருக்கே?"

"நான் எதுக்குப் பார்க்கணும்? டீச்சர் பார்க்கட்டும், நான் தின்னுறேன்! அவங்க குனிஞ்ச இடத்துல பாய்ஞ்சா போதும். வாய்க்கு நேரா விருந்து!"

"இரை என்னன்னாவது பார்த்துட்டுப் பாயக் கூடாதா?"

"அதுக்குள்ள அது பறந்துட்டா? போய் உன் வேலையைப் பாரு!"

டீச்சர் வந்தார். நேராக எலுமிச்சைச் செடியை நோக்கி நடந்தார். புழு மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் குனியப் போகும் சமயம் பார்த்து, சிலந்தி ஒரே தாவலில் கேமராவின் பால் கவர் மேல் போய் உட்கார்ந்தது! முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஓர் ஆட்டம் போட்டது.

"அட, என் ராசா!" டீச்சருக்குப் புழு மறந்தே போய்விட்டது. அந்த எட்டுக் கண் என்றால் அவருக்கு அவ்வளவு ஆசை.

சிலந்தி கீழே குதித்தது. டீச்சர் தொடர்ந்தார். ரோஜாவுக்குத் தாவியது, அவரும் போனார். கடைசியில் செம்பருத்திச் செடியில் ஓர் அகலமான இலைமேல் போய் நின்றது. டீச்சர் குனிந்தார். முழங்கையை ஊன்றினார். சாய்ந்தார். பளிச்!

சிலந்தி உடனே துள்ளி மறைந்தது. இலைக்கு அடியில் ஏதோ அசைவதை டீச்சர் அப்போதுதான் கவனித்தார்.

"அய்யோ, நீங்களா! தூங்குங்க, தூங்குங்க!" என்று கிசுகிசுத்துவிட்டு, சத்தமில்லாமல் பத்தடி பின்னால் போய்விட்டார்.

ஓணான் இதையெல்லாம் எங்கே பார்த்தான்? பளிச் விழுந்தது, டீச்சர் நகர்ந்தார். அவனுக்கு அது போதும். வாயை ஆவென்று பிளந்துகொண்டு பாய்ந்தான்! இலை மடங்கியது. அவன் வாய் நேராகப் போய் அடியில் தொங்கிய குளவிக் கூட்டில் இடித்தது.

"எவன்டா அவன்!" என்று ஏழு குளவிகள் எழுந்தன.

உதட்டில் ஒன்று கொட்டியது. மூக்கில் ஒன்று. நாக்கிலேயே ஒன்று! "அம்மா! அய்யோ!" என்று வாலைத் தூக்கிக்கொண்டு ஓணான் வேலியைத் தாண்டி ஓடினான். இரண்டாவது வேலியையும் தாண்டினான். வாய் பணியாரம் போல வீங்கிவிட்டது. ஒரு வாரத்துக்கு ஓர் எறும்பைக்கூட விழுங்க முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துப் பக்கம் அவன் தலைவைத்தும் படுக்கவில்லை.

டீச்சர் நிதானமாக எலுமிச்சைச் செடிக்குத் திரும்பி வந்து புழுவைப் படம் எடுத்தார். புழு கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தது. ஒன்றுமே ஆகவில்லை!

பத்து நாள் கழித்து அது பட்டாம்பூச்சியாக வெளியே வந்து, ஈரச் சிறகை வெயிலில் விரித்து உட்கார்ந்தது. மறுபடியும் பளிச். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை, ஜம்மென்று பறந்து போனது. கீழே வரிசையில் போய்க்கொண்டிருந்த எறும்புகள் அண்ணாந்து பார்த்தன.

"படம் எடுத்தா ஆயுசு கூடும்னு சும்மாவா சொன்னாங்க!" என்றன.

தன் கண்ணை மூடிக்கொண்டு அடுத்தவர் கண்ணை நம்பிப் பாய்கிறவனுக்கு, வாயில் விழப்போவது இரையா கொடுக்கா என்பது விழுந்த பிறகுதான் தெரியும்.