நாப்பது கிராம்

“வண்டியில மொத்தம் இருநூத்திப் பதினாறு ஓட்டை, டீச்சர். சாவியில போட்ட மூணையும் சேத்து.”

“சாவியிலயுமா?”

“அதுவும் எடைதானே,” அப்படின்னார் ஃபாஸ்தோ.

இத்தாலியில வடக்குப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்க ரேஸ் கார் செய்யிறவர் அவர். பழைய பால்பண்ணைக் கொட்டகை, நாலு ஆளு, வருஷத்துக்கு மூணு வண்டி. பெரிய கம்பெனிக்காரன் இன்ஜினைப் பெருசாக்குவான். இவருக்கு அந்த வசதி இல்ல. வண்டியை மெலிய வைப்பார். இரும்பு தெரிஞ்ச இடத்துல எல்லாம் ஓட்டை.

போன ஞாயித்துக்கிழமை மலைப்பாதை ரேஸ்ல பிரேக் பெடல் ஓட்டை போட்ட இடத்துல முறிஞ்சுபோச்சு. வண்டியை ஓட்டின ரெனாட்டோ செத்துப்போனான். இன்னைக்கு அடக்கம். சர்ச், இவங்க பேசிக்கிட்டிருந்த கோதுமை மண்டிக்கு எதிர்லதான்.

லீடியா அந்த மண்டியில எடை போடுறவங்க. சாயங்காலம் மெக்கானிக்குகளுக்குக் கணக்கு சொல்லிக் குடுப்பாங்க. ஃபாஸ்தோவை விடப் பத்து வயசு சின்னவங்க. ஆனாலும் டீச்சர் டீச்சர்தான்.

ஃபாஸ்தோ முறிஞ்ச பெடலைத் தராசுத் தட்டுல வெச்சார்.

“இதுல அஞ்சு ஓட்டை போட்டேன். நாலோட நிறுத்தியிருந்தா தாங்கியிருக்குமா?”

லீடியா முறிஞ்ச இடத்தை விரலால தடவிப் பாத்தாங்க.

“அவன் தம்பி சில்வியோ, அடுத்த வண்டியை நான்தான் ஓட்டுவேன்னு நிக்கிறான். அதுக்கு எத்தனை ஓட்டைன்னாவது சொல்லுங்க. ஒரு நம்பர் சொல்லுங்க, டீச்சர். அஞ்சு நாளாத் தூங்கல.”

“அஞ்சு ஓட்டையில எவ்வளவு கொறைஞ்சுது?”

“நாப்பது கிராம்.”

லீடியா பெடலை எடுத்துக் கீழ வெச்சாங்க. மூட்டையிலேருந்து கோதுமை அள்ளி, நாப்பது கிராம் நிறுத்து, அவர் உள்ளங்கையில கொட்டினாங்க. கை பாதிகூட நிறையல.

“கனக்குதா?”

“இல்ல.”

“ரேஸ் அன்னைக்குக் காலைல ரெனாட்டோ என்ன சாப்பிட்டான்?”

ஃபாஸ்தோ கோதுமை சிந்தாம கையை மூடிக்கிட்டார்.

“மக்காச்சோளக் களி. ரெண்டு தட்டு.”

“அவ்வளவுதானா?”

“மூணாவது தட்டு நான் வெச்சேன். வேணாம் வேணாம்னான். ஆளு ரொம்ப மெலிஞ்சு கெடந்தான், டீச்சர். அதட்டி ஊட்டாத குறை.”

“அது எத்தனை கிராம் இருக்கும்?”

“எடை போடலியே. நாப்பதைவிட ரொம்ப ஜாஸ்திதான் இருக்கும்.”

லீடியா தராசுத் தட்டைத் துணியால தொடச்சாங்க. தராசு முள்ளு ஆடி ஆடி நின்னுச்சு.

“அப்ப நம்பர்?” அப்படின்னார் ஃபாஸ்தோ. அவருக்கே கேக்காத மாதிரி மெதுவாதான் கேட்டார்.

சர்ச் படியிலேருந்து சில்வியோ கத்தினான்.

“ஃபாஸ்தோ அண்ணே! பெட்டியைத் தூக்க ஒரு தோள் கொறையுது. வாங்க!”

கையில இருந்த கோதுமையை எங்க வைக்கிறதுன்னு அவருக்குத் தெரியல. கோட்டுப் பையில கொட்டிக்கிட்டுப் போனார்.