எட்டாவது எண்ணிக்கை

“மாஸ்டர், என் இடுப்புக்கு என்னதான் ஆச்சு?”

கேட்டவள் பூங்காவனம். ஜூடோ கூடத்தின் மகளிர் வகுப்பில் அவளைவிடப் பலசாலி கிடையாது. அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல ஆளைத் தூக்குவாள்.

“உள்ளே போறேன், முதுகைத் திருப்புறேன், ஆளும் இடுப்புல வந்து உட்கார்ந்துடுது. முன்னாடி எறியணும்னா மட்டும் கைகால் ஓடல. நாலு மாசமா இப்படித்தான்.”

மாஸ்டர் தவமலர் அவளுக்கு எதிரே வந்து நின்றார்.

“என்னைத் தூக்கு.”

“ஐயோ, உங்களையா?”

“ரெண்டு பிள்ளை பெத்த உடம்புதான். உடையாது. வா.”

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். விழப்போகிறவள்தான் எண்ண வேண்டும். மற்றவள் ஒன்பது தடவை அவளை இடுப்பில் ஏற்றி இறக்குவாள். ‘பத்து’ என்று கேட்ட பிறகுதான் எறிவாள்.

மாஸ்டர் எண்ணத் தொடங்கினார்.

“ஒண்ணு. ரெண்டு… ஆறு. ஏழு. எட்டு.”

அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

பூங்காவனம் அவரை இடுப்பில் ஏற்றியபடியே நின்றாள். வியர்வை சொட்டியது.

“எறியேன்டி.”

“நீங்க இன்னும் பத்து சொல்லலையே மாஸ்டர்.”

“அன்னிக்கு ரூபாவதி சொன்னாளா?”

பூங்காவனம் அவரை மெதுவாக இறக்கிவிட்டாள்.

நாலு மாசத்துக்கு முன்னால், மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேகத்தைக் காட்டும் ஆசையில் பூங்காவனம், தன்னோடு ஜோடியாகப் பழகிய ரூபாவதியை எட்டிலேயே எறிந்துவிட்டாள். ஆயத்தமாகாத ரூபாவதி கையைத் தரையில் ஊன்றினாள். இடது மணிக்கட்டு முறிந்தது.

“அவதான் தப்பா எண்ணிட்டா. பத்துன்னு கேட்டுத்தான் எறிஞ்சேன்” என்று எல்லாரிடமும் சொன்னாள் பூங்காவனம். ரூபாவதி மறுத்துப் பேசவில்லை.

“உங்களுக்கு அப்பவே தெரியுமா மாஸ்டர்?”

மாஸ்டர் பெல்ட்டை அவிழ்த்து மடித்தார்.

“ரூபாவதி ஊருக்கு அஞ்சரைக்கு ஒரு பஸ் இருக்கு.”

பூங்காவனம் போய்ச் சேர்ந்தபோது ரூபாவதி வீட்டு வாசலில், போர்வை ஒன்றை இடது கையால் பிழிய முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

“வாம்மா பயில்வான். இப்பதான் வழி தெரிஞ்சுதா?”

பூங்காவனம் போர்வையின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள். தண்ணீர் வடிந்து முடிந்ததும் சொன்னாள்.

“நீ எட்டுதான் சொன்னே. என் காதுலயும் எட்டுன்னுதான் விழுந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்.”

“தெரியும்.”

“ஏன்டி அப்பவே வாயைத் திறக்கல?”

“நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்.”

போர்வையைக் கொடியில் போட்டார்கள். வீட்டுக்குள் ரூபாவதியின் மாமியார் யாரையோ அதட்டுவது கேட்டது.

“எலும்பு சேர்ந்துடுச்சு. அடுத்த மாசத்துல இருந்து பழகலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. இவங்கதான் விடமாட்டேங்கறாங்க. பத்து வரைக்கும் எண்ணத் தெரியாதவளுக்கு ஜூடோ ஒரு கேடான்னு கேக்குறாங்க.”

ரூபாவதி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பூங்காவனத்தின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்.

“உள்ளே வா பூங்கா. இப்ப சொன்னியே, அதை அவங்ககிட்டயும் ஒரு தடவை சொல்லிடேன்.”