ஒரு கொடித்தூளியும் இரண்டு முடிச்சுகளும்

அந்தக் காலத்தில் விலங்குகளெல்லாம் பேசின. பேசியதில் பாதி, எப்படிப் படுத்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்பதைப் பற்றித்தான்.

பங்குனி பிறந்ததும் காடே திரண்டு, மலைக்கு அப்பாலிருந்த இலுப்பைத் தோப்புக்குப் பூத் தின்னக் கிளம்பும். வெயிலுக்குப் பயந்து இரவில் பயணம். பகலில் மரநிழலில் முகாம். முகாமில் எல்லாருக்கும் கொடித்தூளிதான் படுக்கை. காட்டுக்கொடியை வலையாகப் பின்னி, இரண்டு முனைகளையும் கிளையில் முடிந்துவிட்டால் வேலை தீர்ந்தது. ஆனால் அதை எப்படி முடிவது என்பதில் எந்த இருவருக்கும் ஒத்துப்போனதில்லை. கரடி தரைக்கு ஒரு சாண் மேலே கட்டும். விழுந்தாலும் அடிபடாது என்பது அதன் கட்சி. மயில் தன் தோகைக்கென்று தனியாக இன்னொரு தூளி கட்டியது. முள்ளம்பன்றிக்குத் தினமும் புதுத் தூளி தேவைப்பட்டது. காரணத்தை அதனிடம் யாரும் கேட்கவில்லை.

மூங்கன் என்ற வௌவாலுக்குத் தூளி நன்றாகத் தொய்ந்திருக்க வேண்டும். அதில் குறுக்காகப் படுத்தால்தான் முதுகு நேராகும் என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்குவான். தை மாதம் அவனை மணந்து வந்த இலஞ்சிக்கோ தூளி விறைப்பாக இருக்க வேண்டும். அதில் உடம்பை நீட்டி நேராகப் படுக்க வேண்டும். தொய்ந்த தூளி அவளுக்குப் புளிமூட்டைக்குள் கிடப்பதுபோல் இருந்தது.

இதில் வௌவால் குலத்து வழக்கம் ஒன்றும் குறுக்கே வந்தது. தம்பதியின் தூளியில் ஒரு முனையைக் கணவன் முடிவான். மறுமுனையை மனைவி முடிவாள். ஒருவர் முடிச்சில் மற்றவர் கைவைத்தால் உறவே அறுந்ததாக அர்த்தம். ஆகவே மூங்கன் தன் முனையைத் தாழத் தொங்கவிட்டான். இலஞ்சி தன் முனையைக் கிளையோடு சேர்த்து இறுக்கினாள். படுக்கை சறுக்குமரம் ஆனது. கண் அசந்ததும் இலஞ்சி சறுக்கி வந்து அவன் வயிற்றில் விழுவாள்.

“உங்க முடிச்சை ஒரு சுற்று இறுக்கினா என்ன குறைஞ்சிடும்?” என்பாள்.

“நீ உன்னோடதை ஒரு சுற்று தளர்த்திப் பாரேன்.”

“எங்க வீட்டுல யாரும் இப்படி வளைஞ்சு கிடந்ததில்லை.”

“அதனாலதான் உங்கப்பா பறக்கும்போது விறகுக்கட்டை மிதக்கிற மாதிரி இருக்கு.”

மாமனாரை இழுத்த பிறகு பேச்சு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முகாமில் ஒருவர் கண்ணிலும் தூக்கம் ஒட்டவில்லை. நடுவழியில் மான் நின்றுகொண்டே உறங்கி ஓடையில் விழுந்தது.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய கருமந்தி இருவரையும் கூப்பிட்டது. இன்றைக்கும் சத்தம் கேட்டால், நாளையிலிருந்து ஆளுக்கொரு தூளி, ஆளுக்கொரு மரம் என்று தீர்ப்புச் சொன்னது. ரொம்ப நல்லது என்றான் மூங்கன். இலஞ்சி அதையே இன்னும் உரக்கச் சொன்னாள்.

அன்று ஒரு மருத மரத்தின் நீண்ட கிளையில் இருவரும் பேசாமல் தூளி கட்டிப் பேசாமல் படுத்தார்கள். மூங்கன் நாளைய தூளியை நினைத்துப் பார்த்தான். அவன் விரும்பியபடியே தொய்ந்திருக்கும். குறுக்கே படுக்கலாம். வயிற்றில் யாரும் வந்து விழமாட்டார்கள். நினைக்க நினைக்க அந்தத் தூளி அவனுக்குப் பிடிக்காமல் போனது.

முதுகு போனால் போகட்டும் என்று முடிவு செய்தான். இலஞ்சி தூங்கிவிட்டாள் என்று எண்ணி, ஓசைப்படாமல் தன் முனைக்கு ஊர்ந்தான். கால் நகங்களால் கிளையைப் பற்றிக்கொண்டு, பெருவிரலால் முடிச்சை அவிழ்த்தான். இறுக்கிக் கட்டுவதற்காகத்தான்.

அதே நொடியில் மறுமுனையும் அவிழ்ந்தது. தூளி மொத்தமாகக் கீழே போய், உறங்கிக்கொண்டிருந்த கருமந்தியின் மேல் விழுந்தது.

மூங்கன் தலைகீழாகத் தொங்கினான். கிளையின் மறுகோடியில் இலஞ்சியும் அப்படியே தொங்கினாள்.

“நீ என்ன பண்ணின?” என்றான்.

“தளர்த்திக் கட்டலாம்னு பார்த்தேன். நீங்க?”

“இறுக்கலாம்னு.”

இலஞ்சி சிரித்த சிரிப்பில் கிளை குலுங்கியது. அப்போதுதான் மூங்கன் கவனித்தான்: அவன் முதுகு பிறந்ததிலிருந்து இவ்வளவு நேராக இருந்ததில்லை. இலஞ்சியும் ஆசைப்பட்டபடி உடம்பை நீட்டி விறைப்பாக இருந்தாள். கால் நகங்கள் யாரும் சொல்லாமலே கிளையைக் கவ்விக்கொண்டிருந்தன. இந்தப் பக்கமிருந்து அவனும் அந்தப் பக்கமிருந்து அவளும் அடிமேல் அடியாக நகர்ந்து, நடுக்கிளையில் தோளோடு தோள் சேர்ந்தார்கள். தூளிதான் இல்லையே, ஆளுக்கொரு சிறகால் மற்றவரைப் போர்த்தினார்கள்.

கருமந்தி கொடிச்சிக்கலைத் தலையிலிருந்து பிய்த்தெறிந்துவிட்டு, தீர்ப்பை நிறைவேற்ற மரமேறி வந்தது. பிரித்துக் கட்டுவதற்குத் தூளி இல்லை. பிரிப்பதற்கு ஆட்களும் இல்லை. ஒரே கறுப்பு மூட்டைதான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. கருமந்தி தலையைச் சொறிந்துகொண்டு, ஓசைப்படாமல் இறங்கிப் போனது.

அன்று முதல்தான் வௌவால்கள் தூளி கட்டுவதை விட்டு, பகலெல்லாம் சிறகைப் போர்த்தித் தலைகீழாக உறங்குகின்றன. இன்றும் அவை தங்கும் மரத்தடியில் நின்றால், “தள்ளிப் படு, தள்ளிப் படு” என்று ஓயாமல் கீச்சிடுவது கேட்கும். எந்த வௌவாலும் தள்ளிப் படுத்ததை மட்டும் யாரும் பார்த்ததில்லை.