துரைக்கிழங்கு

சீமையிலிருந்து வந்த கப்பல் ஒன்று பாறையில் மோதி உடைந்தது. நான்கு சீமைப் பன்றிகள் நீந்திக் கரையேறிக் காட்டுக்குள் புகுந்தன. அவற்றின் தலைவர் துரை. கப்பலே போனாலும் அவர் தன் குறிப்புப் புத்தகத்தை மட்டும் விடவில்லை. கண்ணில் பட்ட மலைக்கெல்லாம் பேர் வைத்து அதில் எழுதிக்கொண்டே நடந்தார். ஐந்து நாளாக வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

ஓடையில் முள்ளாயி என்ற முள்ளம்பன்றி கிழங்குகளைக் கீறிப் போட்டு, தண்ணீர் அடித்துப் போகாதபடி கல் வைத்துக்கொண்டிருந்தாள். அங்கே வந்து நின்ற பன்றிகளின் ஒட்டிப்போன வயிறுகளைப் பார்த்ததும் அவளுக்கு மனசு பதறியது. பசி வெறியில் எதையாவது தின்று தொலைப்பார்களே!

“இது என்ன கிழங்குக்கா?” என்றது ஓர் ஒல்லிப் பன்றி.

“மூணுநாள் கிழங்கு, தம்பி.”

“இதெல்லாம் ஒரு பேரா?” என்று குறுக்கே விழுந்தார் துரை. “இன்று முதல் இது துரைக்கிழங்கு!” உடனே எழுதியும் விட்டார்.

“பேரை மாத்தாதீங்க துரை! மூணு நாள் ஓடுற தண்ணியில கிடந்தாத்தான் இதோட விஷம் போகும். அதான் அந்தப் பேரு. என் பிள்ளைகளுக்கு முந்தாநாளே ஊறப்போட்டது இருக்கு. நாளைக்கு உங்களுக்கே தாரேன், பொறுங்க!”

“கடல் தாண்டி வந்தவன் நான். பன்றிக்கே கிழங்கு தின்னச் சொல்லித் தருகிறாயா?”

முள்ளாயி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வழி மறித்தாள். மற்ற மூன்றும் நின்றுவிட்டன. துரை மட்டும் சுற்றிப்போய், கரையில் இருந்த கிழங்குக் கொடியின் அடியைக் கிளறி, பச்சைக் கிழங்கை மண்ணோடு விழுங்கினார்.

சற்று நேரத்தில் தொண்டை வீங்கியது. வாயில் நுரை தள்ளியது. கால்கள் இழுத்துக்கொண்டன. முள்ளாயி தண்ணீரை வாயில் விட்டுக்கொண்டே இருந்தாள். இவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையே என்று கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் மற்ற மூன்றும் ஊறிய கிழங்கை வயிறாரத் தின்றன. துரையோ, கிழங்கு கிடக்க வேண்டிய மூன்று நாளும் தானே ஓடைக்கரையில் கிடந்தார்.

நான்காம் நாள் கண் திறந்தார். முள்ளாயி ஒரு துண்டுக் கிழங்கை நீட்டினாள். அவர் அதை உடனே வாயில் போட்டுக்கொள்ளவில்லை. புத்தகத்தை இழுத்தார், துரைக்கிழங்கு என்பதை அடித்தார். பிறகு கரகரத்த தொண்டையில் கேட்டார்:

“அக்கா... இதுக்கு என்ன பேர் சொன்னீங்க?”

ஒரு மண்ணுக்குப் பேர் வைக்கத் துடிப்பவர், அங்கே வாழ்பவர்கள் ஏற்கெனவே வைத்த பேரையும் அதன் காரணத்தையும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.