அகல டயரும் இரண்டு ஆட்டோவும்

பொறாமைக்குச் சக்கரம் முளைத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால், உடுமலைக்காரர்கள் தேங்காய் மண்டி நாச்சிமுத்துவின் சின்னக் காரைக் காட்டுவார்கள்.

மாமனார் இரண்டு மருமகன்களுக்கும் ஒரே மாதிரி கார்தான் வாங்கிக் கொடுத்திருந்தார். சகலை குழந்தைவேலு தன் காருக்கு அகல வீல் மாட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டதிலிருந்து நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. டிரைவர் திருமூர்த்தியைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு மச்சினன் கல்யாணம். சகலையோடதைவிட அகலமா மாட்டிக் கொண்டா. எங்கயும் உரசக் கூடாது. உரசுச்சுன்னா நீ வேற வேலை பாத்துக்க."

திருமூர்த்தி முதலாளியின் தொப்பையை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "ஆகட்டுங்க" என்றான்.

மறுநாள் கார் சத்தமில்லாமல் வாசலில் வந்து நின்றது. நாச்சிமுத்து பின் சீட்டில் உட்கார்ந்ததும் வண்டி இறங்கியது. நகர்ந்ததும் டயர் மட்கார்டில் கரகரவென்று உரசியது.

"என்னடா இது?"

"நீங்க ஏறுற வரைக்கும் உரசலைங்க முதலாளி. பழைய வீலையே மாட்டிறட்டுங்களா?"

சகலை முன்னால் பழைய வீலில் போய் இறங்குவதா? நாச்சிமுத்து காரைக் காலியாக அனுப்பிவிட்டு ஆட்டோ பிடித்தார்.

மண்டப வாசலில் குழந்தைவேலுவின் காரும் காலியாகத்தான் வந்து நின்றிருந்தது. நாச்சிமுத்து ஆட்டோவிலிருந்து இறங்க, பின்னாலேயே இன்னொரு ஆட்டோவிலிருந்து சகலை இறங்கினார்.

"கார் ரெண்டும் நேரத்துக்கு வந்திருச்சு. மாப்பிள்ளைகதான் லேட்டு" என்றார் மாமனார். வாசலே சிரித்தது.

நாச்சிமுத்து விறுவிறுவென்று திருமூர்த்தியிடம் வந்தார். வேலை போச்சு என்று நினைத்தான் அவன்.

அவர் காதருகே குனிந்து கேட்டார்: "அவன் வந்த ஆட்டோ மட்டும் எப்படிடா புதுசா இருக்குது?"